கண்டென்சர் மைக் மக்கர் செய்கிறதா? சத்தத்தை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இப்போது வீட்டுக்கு ஒரு மைக் இருக்கிறது. யூடியூபில் சமையல் சொல்கிறவர், ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிற ஆசிரியை, தெருக்கூத்தை விடிய விடியப் பதிவு செய்கிற பையன்கள், சர்ச் பாடகர் குழு என்று எல்லாரும் வாங்கிவிட்டார்கள். "மைக் போயிடுச்சுணா" என்று கொண்டு வருவார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் மைக் நன்றாகத்தான் இருக்கும். கரண்ட், ஒயர், வைத்த இடம், காற்றின் ஈரம் என்று கோளாறு வேறெங்காவது இருக்கும். அதனால் மைக்கைத் திருப்பி அனுப்புவதற்கு முன் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகவே புரிந்துவிடும். கண்டென்சர் மைக்கின் உள்ளே, சில மைக்ரான் தடிமனே உள்ள, தங்கம் பூசிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால், சில பத்து மைக்ரான் இடைவெளி விட்டு, ஒரு உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கெப்பாசிட்டர். அதன் பழைய பெயர்தான் கண்டென்சர். குரல் பட்டுப் படலம் அசையும்போது இடைவெளி மாறுகிறது. மின்னூட்டம் மாறாமல் இருப்பதால் வோல்ட் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் நம் குரல். ஆனால் அந்த சிக்னலுக்குத் தெம்பு கிடையாது. அப்படியே நீள ஒயரில் விட்டால் அங்கேயே செத்துப்போகும். அதனால் படலத்துக்குப் பக்கத்திலேயே ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டரை வைத்து, அதற்குத் தெம்பு கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். அந்த டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் வேண்டும். படலத்துக்கு மின்னூட்டம் ஏற்றவும் கரண்ட் வேண்டும்.

1916-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் எட்வர்ட் வென்ட் செய்த முதல் கண்டென்சர் மைக்கிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும் படலத்தை மைக்கில் போட்டார்கள். அதுதான் எலக்ட்ரெட். சட்டையில் குத்தும் கிளிப் மைக் எல்லாம் இந்த ரகம். இதில் டிரான்சிஸ்டருக்கு மட்டும் சில வோல்ட் இருந்தால் போதும். உங்கள் போனுக்குள் இருக்கிற மைக்கும் கண்டென்சர் தத்துவம்தான், அளவு மட்டும் கடுகளவு.

டைனமிக் மைக் வேறு சாதி. படலத்தோடு ஒட்டிய செம்புக் கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவே அசைகிறது, அசைவிலேயே மின்சாரம் பிறக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகை, 1966-இலிருந்து விற்கிறது. சுருளின் எடையைத் தூக்கிக்கொண்டு படலம் அசைய வேண்டியிருப்பதால் ஜால்ராவின் மேல் நாதம், மூச்சின் மென்மை போன்றவை கண்டென்சரில் வருகிற அளவுக்கு இதில் வராது. பதிலுக்கு, கீழே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

"சுத்தமா சவுண்டே வரலணா"

முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான். எக்ஸ்எல்ஆர் மூன்று முள் ஒயரில் மாட்டும் கண்டென்சர் மைக்குக்குப் பாண்டம் பவர் வேண்டும், அதாவது அதே ஒயர் வழியாக மைக்குக்குப் போகும் 48 வோல்ட். ஏன் 48 என்று பலரும் கேட்பார்கள். 1966-இல் நார்வே ஒலிபரப்பு நிலையத்துக்காக நாய்மன் கம்பெனி மைக் செய்துகொடுத்தபோது, அங்கே அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், உலகமும் அதையே பிடித்துக்கொண்டது.

மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் 48 என்று எழுதிய பட்டன் இருக்கும். சின்ன மிக்ஸர்களில் எல்லா சேனலுக்கும் சேர்த்து ஒரே பட்டன், சிலவற்றில் பின்பக்கம் ஒளிந்திருக்கும். முதலில் மைக்கை மாட்டுங்கள், ஸ்பீக்கர் சத்தத்தைக் குறையுங்கள், அப்புறம் பட்டனைப் போடுங்கள். சில விநாடி பொறுங்கள். மாற்றிச் செய்தால் "டொம்" என்று ஒரு அடி விழும், ஸ்பீக்கருக்கு நல்லதல்ல.

பட்டன் எரிகிறது, ஆனாலும் சத்தமில்லை என்றால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மைக்கைக் கழற்றிவிட்டு, ஒயரின் மைக் பக்க முனையில் 1-ஆம் முள்ளுக்கும் 2-க்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். அப்புறம் 1-க்கும் 3-க்கும் நடுவே. இரண்டிலும் 44-லிருந்து 52-க்குள் காட்ட வேண்டும். 2-க்கும் 3-க்கும் நடுவே பூஜ்யம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வோல்ட் வந்தால் ஒயருக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பின்னை ஒட்டி, மடங்கும் இடத்தில். கத்தரித்துவிட்டு மறுபடி சால்டர் செய்தால் தீர்ந்தது.

இன்னொரு பெரிய கூட்டம் உண்டு. பிஎம்-800 என்ற பெயரில் பல கம்பெனிகள் விற்கும் செட்டை ஆன்லைனில் வாங்கி, கூடவே வந்த ஒயரின் 3.5 மி.மீ. பின்னை லேப்டாப்பில் குத்துகிறவர்கள். லேப்டாப்பின் அந்த ஓட்டையில் 48 வோல்ட் வராது, இரண்டு மூன்று வோல்ட்தான் வரும். சில மைக் அதிலேயே முனகும், சில வாயே திறக்காது. இதற்கு மருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். 48 வோல்ட் கொடுக்கும் தனிப் பெட்டியும் கிடைக்கிறது. ஆனால் இரண்டின் விலையையும் விசாரித்துப் பாருங்கள். வித்தியாசம் கட்டுப்படியானால் இன்டர்ஃபேஸ்தான் என் ஓட்டு.

மைக்செட் வாடகைக்கு விடுபவர்களின் ஆம்ப்ளிஃபையரிலும் இதே கதை. கட்டைப் பின் குத்தும் மைக் ஓட்டைகளில் பெரும்பாலும் பாண்டம் பவர் கிடையாது. அங்கே டைனமிக் பேசும், கண்டென்சர் பேசாது.

கிளிப் மைக்காக இருந்தால் பின்னில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் போனுக்கு, இரண்டு வளையம் கேமராவுக்கு. மாற்றிக் குத்தினால் சத்தம் வராது. குட்டிப் பெட்டி வைத்த கிளிப் மைக் என்றால் அதற்குள் ஒரு எல்ஆர்44 பட்டன் செல் இருக்கும். கேமரா பக்கம் சுவிட்சைத் தள்ளி மறந்துவிட்டால் செல் தீர்ந்து கிடக்கும்.

விண்டோஸில் மைக்ரோஃபோன் அனுமதி மூடியிருப்பதும், வேறு மைக் தேர்வாகியிருப்பதும் ரொம்ப சாதாரணம். ஒரு கிளிக் வேலை, அதையும் பார்த்துவிடுங்கள்.

"ஹெட்போன்ல கேக்குது, போன் ஸ்பீக்கர்ல கேக்கல"

இதைக் கேட்டதும் பலர் போனைச் சந்தேகப்படுவார்கள். போன் மேல் தப்பில்லை. எக்ஸ்எல்ஆர் மைக்கின் 2-ஆம் முள்ளில் ஒரு சிக்னல், 3-இல் அதையே தலைகீழாக்கிய சிக்னல் வரும். தவறான ஒயரில் அவை ஸ்டீரியோ பின்னின் இடது, வலது காதுகளாகப் போய் உட்கார்ந்துவிடும். ஹெட்போனில் இரண்டு காதும் தனித்தனி, அதனால் கேட்கிறது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஏற்கெனவே பதிவு செய்த ஃபைல் வீணாகவில்லை. எடிட்டிங் ஆப்பில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மோனோ ஆக்குங்கள், குரல் திரும்பிவிடும். அடுத்த பதிவுக்கு ஒயரை மாற்றுங்கள்.

"கேக்குது, ஆனா எங்கியோ தூரத்துல, கூடவே ஸ்ஸ்ஸ்னு"

பெரிய கண்டென்சர் மைக்குகள் பெரும்பாலும் பக்கவாட்டில் கேட்பவை. கம்பெனி முத்திரையோ இதய வடிவக் குறியோ உள்ள பக்கம்தான் அதன் முகம். ஐஸ்கிரீம் கோன் பிடிப்பதுபோல் பிடித்து உச்சியில் பேசுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். திருப்பி நேராக வைத்ததும் பிரச்சினை முடிந்துவிடும்.

முகம் சரியாக இருந்தால் மைக்கின் உடம்பில் 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் தள்ளியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரத்தை இரட்டித்தால் 6 டெசிபல் போய்விடும். அதை ஈடுகட்ட, சிக்னலைப் பெருக்கும் கெயின் குமிழைத் திருகினால் இரைச்சலும் கூடவே ஏறி வரும்.

கண்டென்சரிலிருந்து டைனமிக்குக்கு மாறியவர்களுக்கும் இந்தப் புகார் வரும். அது கோளாறே இல்லை. ஒரே சத்தத்துக்கு ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 கண்டென்சர் சுமார் 14 மில்லிவோல்ட் கொடுக்கிற இடத்தில் எஸ்எம்58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட்தான். ஏறக்குறைய 17.5 டெசிபல் வித்தியாசம். ஒலிபரப்புக்காரர்கள் விரும்பும் எஸ்எம்7பி இன்னும் கீழே, 1.12. கெயின் குமிழைத் தயங்காமல் ஏற்றுங்கள். சின்ன இன்டர்ஃபேஸ்கள் அந்த அளவுக்கு ஏற்றினால் தாங்களே இரையும். குறை அங்கேதான், மைக்கில் இல்லை.

மைக்கே போடும் இரைச்சலும் ஒன்று உண்டு. அதைப் பெட்டிமேல் அச்சிட்டிருப்பார்கள். ரோட் என்டி1-ஏ 5 டெசிபல், ஏடி2020 20 டெசிபல். மெதுவாகக் கதை சொல்கிறவர்களுக்கு இந்த எண் முக்கியம். கூத்துக்கும் மேளத்துக்கும் இதைப் பார்க்கவே வேண்டாம்.

"ம்ம்ம்னு ஒரு ரீங்காரம்"

மைக்கின் உலோக உடம்பைத் தொடுங்கள். ரீங்காரம் குறைகிறதா? எர்த் இல்லை அல்லது ஒயரின் மேலுறைக் கம்பி விட்டுப்போயிருக்கிறது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறதா? சார்ஜர்தான் காரணம், பேட்டரியில் பதிவு செய்யுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவதில் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள். சத்தம் போகட்டும் என்று எர்த் முள்ளை வெட்டிவிடும் வைத்தியம் உயிருக்கு ஆபத்து.

ரீங்காரம் கொஞ்சம் கரகரவென்று "ஜ்ஜ்ஜ்" என்று இருந்தால் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். படிப்படியாக இல்லாமல் வழவழவென்று சுற்றும் ரகம் இந்தச் சத்தத்தை ஒயருக்குள் அனுப்பும். ஃபேனை முழு வேகத்தில் வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். கரண்ட் போனதும் சத்தம் புதிதாகத் தொடங்கினால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை ரகம். போனை மைக் ஒயர் மேல் வைத்திருந்தால் வரும் "டிடிட் டிடிட்" எல்லாருக்கும் தெரிந்ததே.

"மழை நாள்ல படபடனு வெடிக்குது"

இது கண்டென்சருக்கே உரிய நோய், டைனமிக்குக்கு வராது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் பதிவின் நடுவே பட், பட் என்ற வெடிப்பும், சில சமயம் குரல் மங்கிப்போவதும் நடக்கும். காரணம் ஈரம். படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மின்னூட்டம் ஒழுகிவிடாமல் காக்க உள்ளே கோடிக்கணக்கான ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். மெல்லிய ஈரப் பூச்சு படிந்தால் போதும், மின்னூட்டம் அதன் வழியாகக் கசிந்து ஓடும். அந்தக் கசிவின் சத்தம்தான் வெடிப்பு.

ஏசி அறையிலிருந்து நேராக மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாலும் இதுவே நடக்கும். குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படியும். மைக்கைப் பையோடு வைத்து, வெளிச்சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் இருங்கள். மார்கழி விடியற்காலை பஜனைக்குக் கண்டென்சர் எடுத்துப் போகவே வேண்டாம் என்பேன். பனியில் டைனமிக்தான் சரி.

ஏற்கெனவே வெடிக்கிற மைக்கை என்ன செய்வது? சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் ஈரம் குடித்து முடித்ததும் தெரியும், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், மாவுத் தூள் உள்ளே போகும். ஹேர் டிரையர், வேலூர் மே மாத வெயில் இரண்டும் படலத்தைச் சுருக்கிவிடும். 

தூசிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் இதே விளைவு உண்டு. மின்னூட்டம் ஏறிய படலம் அவற்றைத் தன்பக்கம் இழுக்கும். வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கிறவர்கள் மேலே ஒரு பிளாஸ்டிக் கவராவது போட்டு மூடுங்கள்.

"ஃபேன் சத்தம், தெருவுல போற ஆட்டோ, எல்லாம் விழுது"

"கண்டென்சர் தூரத்துச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. ஒரே திசைப் பாங்கு உள்ள, அதாவது ஒரே மாதிரி பக்கங்களில் சத்தம் பிடிக்கும் இரண்டு மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமமாக்கிக் கேளுங்கள். அறையின் சத்தம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். டைனமிக்கை வாயருகே பிடிக்கிறோம், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தின் பெரும்பகுதி அந்தத் தூரத்தால் வருவது. கண்டென்சரையும் ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள், ஆட்டோ பின்னால் போய்விடும்.

ஃபேனை நிறுத்துங்கள் என்று புத்தகம் சொல்லும். சித்திரை வெயிலில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கிற ஊரில் அது நடக்காத காரியம். அதனால் இப்படிச் செய்யுங்கள். இதய வடிவப் பாங்குள்ள மைக்குக்கு நேர் பின்பக்கம் செவிடு. மைக்கை ஸ்டாண்டில் வாய்க்கு மேலே தொங்கவிட்டு, முகம் கீழே உங்கள் வாயைப் பார்க்கும்படி வையுங்கள். செவிட்டுப் பக்கம் சீலிங் ஃபேனைப் பார்க்கும். காற்றுப் படாமல் இருக்க ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். ஃபேனின் உறுமல், லாரி அதிர்வு குறையும்.

எதிரொலி வேறு சங்கதி. டைல்ஸ் தரை, வெறும் சுவர், நடுவில் ஒரு இரும்பு பீரோ இருக்கும் அறையில் எந்த மைக்கும் தப்பாது. தரையில் ஜமக்காளம், பேசுகிறவருக்குப் பின்னால் கொடியில் போட்ட கனத்த போர்வை, சுவரோரம் நிறுத்திய மெத்தை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது பார்க்க ஸ்டூடியோ மாதிரி இருக்கும், அதற்கு மேல் பெரிய பயனில்லை.

"ப, ஃப வந்தா டொப்பு டொப்புனு"

காற்று நேரே படலத்தில் அடிக்கிறது. முன்னால் ஒரு பாப் ஃபில்டர், அதாவது காற்றைத் தடுக்கும் வலை வையுங்கள், அல்லது மைக்கைக் கொஞ்சம் சாய்த்து ஓரமாகப் பேசுங்கள். ரொம்ப நெருங்கினால் குரல் கனத்துப்போவதும் திசைப் பாங்குள்ள மைக்குகளின் குணம். ஒரு சாண் தள்ளினால் சரியாகும்.

"மேளம் அடிச்சா கிழியுது"

நாதஸ்வரம், தவில், பறை, முகவீணை இவற்றுக்கு முன்னால் கெயினைக் குறையுங்கள். குறைத்தும் கிழிந்தால் மைக்கிலேயே உள்ள குறைப்புச் சுவிட்சைப் போடுங்கள், ஏனென்றால் கிழிவது உள்ளே உள்ள டிரான்சிஸ்டர். ஏடி2020 மாதிரி மைக் 144 டெசிபல் வரை தாங்கும், அதைக் கிழிப்பது கஷ்டம். போனில் மாட்டும் மலிவான கிளிப் மைக் தவிலுக்குத் தாங்காது. சுவிட்சும் இல்லை, வழியும் இல்லை. தள்ளி வையுங்கள்.

"கூ...னு கத்துது"

கூத்துப் பந்தலிலும் சர்ச்சிலும் வரும் புகார் இது. மைக் பிடித்த சத்தம் ஸ்பீக்கரில் வந்து மறுபடி மைக்கில் விழும் சுழற்சி. கண்டென்சர் மைக்கைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது ஆடுகளத்துக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். நடிகர்களுக்குப் பின்னால் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் எந்த மைக்கும் கத்தும்.

கூத்தில் நடிகர் பாடிக்கொண்டே சுற்றி ஆடுவார். கையில் மைக் பிடிக்க முடியாது, கட்டியக்காரன் திரையருகே ஒரு நிமிடமும் நிற்கமாட்டார். அதனால் மேலிருந்து தொங்கும் மைக் வேண்டியிருக்கிறது, கண்டென்சர் அங்கே நியாயமான தேர்வு. ஆனால் ஆறு மைக்கைத் தொங்கவிடாதீர்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கத்தாமல் ஏற்றக்கூடிய சத்தம் 3 டெசிபல் குறையும். ஆடுகளத்துக்கு இரண்டு போதும். ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டுக்காரர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் டைனமிக் வைத்துவிடுங்கள்.

பாடுகிறவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் இடமும் மைக்கைப் பொறுத்தது. இதய வடிவப் பாங்குக்கு நேர் பின்னால் செவிடு. சூப்பர் கார்டியாய்ட் என்று எழுதியிருந்தால் செவிட்டு இடம் நேர் பின்னால் இல்லை, முகத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், இரண்டு ஓரங்களிலும். பாடுகிறவர் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு. பாங்கே மாறிக் கத்தத் தொடங்கும்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் ஒயர், அப்புறம் சேனல், அப்புறம் இன்டர்ஃபேஸ், கடைசியில் மைக். தெரிந்தவரிடம் நல்ல மைக் ஒன்று கடன் வாங்கி அதே ஒயரில் மாட்டினால் பாதி நேரத்தில் விடை கிடைக்கும். படலத்துக்குப் பதில் மெல்லிய அலுமினிய இழை அசையும் பழைய ரிப்பன் மைக்கை யாராவது கொடுத்தால் 48 வோல்ட் பட்டனை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஒயரில் சின்னக் கோளாறு இருந்தாலும் அந்த அலுமினிய இழை பிய்ந்துவிடும். எஸ்எம்58 மாதிரி டைனமிக்குக்கு நல்ல ஒயரில் 48 வோல்ட் ஒன்றும் செய்யாது.

மலிவான எலக்ட்ரெட் மைக்கில், சத்தத்தைப் பிடிக்கும் குட்டி உறுப்பான கேப்ஸ்யூல் போயிருந்தால் சால்டர் தெரிந்தவர் மாற்றிவிடலாம். புதிய கேப்ஸ்யூலின் பின்புறம் இரண்டு புள்ளிகளில் வெளிக்கூட்டோடு இணைந்திருப்பது மைனஸ், அதை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். பெரிய, விலை உயர்ந்த கண்டென்சரைத் திறந்து படலத்தைத் துணியால் துடைக்கும் வேலை வேண்டாம். விரல் பட்டாலே தங்கப் பூச்சு வந்துவிடும். அதைக் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்புங்கள்.